வாசகர் கேள்வி-பதில்: லண்டன் மண்ணுக்குள் ஓடும் ரயில்

எல்லைப்புறத்து வாசகர்கள் பலருடைய பிள்ளைகள் செவிலியராகவும் கணினித் துறையினராகவும் லண்டனில் பணியாற்றுவதால், அந்நகரத்துச் சுரங்க ரயிலைப் பற்றிய கேள்விகள் பாறசாலையிலிருந்து தடா வரை பல ஊர்களிலிருந்தும் சேர்ந்திருக்கின்றன. இம்முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர்ப்பெயரை மட்டுமே இட்டிருக்கிறேன்.

வாசகர், ஆரியங்காவு: ஐயா, செங்கோட்டை – புனலூர் பாதை மீட்டர்கேஜாக இருந்த நாளில், நீராவி எஞ்சின் எங்கள் ஊர்க் குகைக்குள் நுழைந்ததும் சன்னல் கதவை இறக்கிவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்வோம். லண்டனில் அதற்கும் முன்பே நிலத்துக்கடியில் நீராவி ரயில் ஓட்டினார்கள் என்று படித்தேன். மனிதர் எப்படி அதில் பயணம் செய்தார்கள்?

இருமிக்கொண்டுதான் செய்தார்கள். 1863 ஜனவரி 10 அன்று பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்துக்கு மெட்ரோபாலிட்டன் ரயில்வே திறக்கப்பட்டபோது, முதல் நாளிலேயே ஏறத்தாழ 38,000 பேர் அதில் ஏறினார்கள். ஒரு நகரத்தின் அடியில் பயணிகளுக்காக ஓடிய உலகின் முதல் ரயில் அது. இத்திட்டத்துக்காகப் பல ஆண்டுகள் வாதாடிய சார்லஸ் பியர்சன் என்னும் வழக்கறிஞர் அந்த நாளைப் பார்க்காமல் 1862-இலேயே காலமாகிவிட்டார்.

உங்கள் குகைக்கும் அந்தப் பாதைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மலையைக் குடைவது போல லண்டன் மண்ணை அப்போது யாரும் குடையவில்லை. சாலையையே வெட்டித் திறந்து, பள்ளம் தோண்டி, இருபுறமும் செங்கல் சுவர் எழுப்பி, மேலே வளைவு கட்டி மூடி, அந்த வளைவின்மேல் மறுபடியும் சாலை போட்டார்கள். எனவே பாதை தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. இடையிடையே மூடாமல் விட்ட திறந்த பள்ளங்களின் வழியே புகை மேலே போக முடிந்தது. எஞ்சினிலும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். உருளையிலிருந்து வெளியேறும் நீராவியைப் புகைபோக்கிக்கு விடாமல் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் செலுத்தி, அங்கேயே குளிர்வித்து நீராக்கிவிடுவார்கள். நீராவிக்கு இது தீர்வானதே தவிர, கரிப்புகைக்கும் கந்தக நெடிக்கும் தீர்வாகவில்லை. பாடிங்டன் பகுதியில் லீன்ஸ்டர் கார்டன்ஸ் என்ற தெருவில் 23, 24 எண்ணுள்ள இரண்டு வீடுகளுக்கு முகப்புச் சுவர் மட்டும்தான் உண்டு, உள்ளே வீடே கிடையாது. 1860-களில் பாதையை நீட்டியபோது புகை விடுவதற்காகத் திறந்துவிட்ட பள்ளத்தைத் தெருவாசிகளின் கண்ணில் படாமல் மறைக்க எழுப்பிய சுவர் அது. இன்றும் நிற்கிறது.

உங்கள் ஊர்ப் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே லண்டனின் உள்வட்டத் தடத்தில் நீராவி போய் மின்சாரம் வந்துவிட்டது என்பது, நீங்கள் மூக்கைப் பொத்திய நாட்களை நினைத்தால், கொஞ்சம் வயிற்றெரிச்சலான செய்திதான்.

இன்னொரு விவரத்தையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். அக்காலத்தில் கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் ரயில்கள் ஏழடிக்கு மேற்பட்ட மிக அகலமான தண்டவாளத்தில் ஓடின. அவையும் இப்பாதையில் வரவேண்டும் என்பதற்காகப் பள்ளத்தை அகலமாகவே வெட்டினார்கள். அந்த அகலத் தண்டவாளம் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது என்றாலும் பள்ளத்தின் அகலம் அப்படியே நின்றுவிட்டது. கொழிஞ்சாம்பாறை வாசகியின் கேள்விக்கான பதிலில் பாதி இதற்குள் இருக்கிறது.

வாசகர், நகரி: எங்கள் பக்கம் பாறைக்குள் ஆயிரம் அடிக்குப் போர்வெல் போட்டாலும் ஓரிரு நாளில் வண்டி கிளம்பிவிடுகிறது. அறுபது, எழுபது அடி ஆழத்தில் ரயில் போகத் துளை போடுவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆவது ஏன்? மேலே இருக்கிற கட்டடங்கள் எப்படி இடியாமல் நிற்கின்றன?

போர்வெல் வண்டிக்காரர் முதலில் என்ன செய்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். மேல்மண் சரிந்து துளையை மூடிவிடாமலிருக்க, பாறை வரும்வரை கேசிங் பைப்பை இறக்குகிறார்; பாறை வந்தபின் பைப் தேவையில்லை, துளை தானாகவே நிற்கும். ரயில் சுரங்கம் என்பது படுக்கவைத்த போர்வெல். ஆனால் விட்டம் ஆறரை அங்குலம் அன்று, இருபது அடி. நீளம் பல கிலோமீட்டர். வழிநெடுக மேல்மண்ணே, ஆகவே வழிநெடுகக் கேசிங் வேண்டும். துளை போடும் வேகம் இங்கே பெரிய செய்தியே இல்லை. தோண்டிய இடத்துக்கும் கேசிங் பொருந்துவதற்கும் இடைப்பட்ட அந்தச் சிறு நேரத்தில் மண்ணைப் பிடித்து நிறுத்துவதுதான் முழு வித்தையும்.

அதற்கு வழி கண்டவர் மார்க் புருனெல் என்ற பொறியாளர். கப்பல் மரத்தைத் துளைக்கும் புழு, தன் தலையை ஓட்டினால் காத்துக்கொண்டு, பின்னால் வரும் துளையின் சுவரைப் பூசிக்கொண்டே போவதைக் கவனித்து, தொழிலாளர்கள் நின்று தோண்டுவதற்கு ஓர் இரும்புக் கவசச் சட்டத்தை அவர் அமைத்தார். தேம்ஸ் ஆற்றின் அடியில் 1825-இல் தொடங்கிய அந்த வேலை, ஆறு பலமுறை உள்ளே புகுந்து உயிர்களையும் பலிகொண்டு, 1843-இல்தான் முடிந்தது. அதே சுரங்கத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது. பிறகு ஜேம்ஸ் கிரேட்ஹெட் என்பவர் சட்டத்தை வட்டமாக்கினார். தோண்டத் தோண்ட வார்ப்பிரும்பு வளையத் துண்டுகளைப் பொருத்திக்கொண்டே முன்னேறும் முறை வந்தது. 1890-இல் கிங் வில்லியம் தெருவிலிருந்து ஸ்டாக்வெல் வரை திறக்கப்பட்ட சிட்டி அண்ட் சவுத் லண்டன் ரயில்வே இப்படிக் குடையப்பட்டதுதான். ஆழத்தில் மின்சாரத்தால் ஓடிய முதல் நகர ரயில் அது. முதலில் கம்பிவடத்தால் இழுப்பதாகத்தான் திட்டம். பாதி வேலையில் மின்சாரத்துக்கு மாறினார்கள்.

லண்டனுக்கு இயற்கை ஒரு சலுகை செய்திருந்தது. நகரத்தின் பெரும்பகுதிக்கு அடியில் நீலச்சாம்பல் நிறக் களிமண் தடித்த அடுக்காகக் கிடக்கிறது. தண்ணீர் எளிதில் கசியாது, வெட்டுவதற்கு மென்மையானது, வெட்டியபின் வளையம் பொருத்தும்வரை சரியாமல் நிற்கும். பாலக்காடு – திருச்சூர் சாலையில் உள்ள குதிரான் சுரங்கத்தைப் போலப் பாறைக்கு வெடி வைக்க வேண்டியதில்லை. ஆனால் மண் அனுமதித்த இடத்தில் சட்டம் குறுக்கே வந்தது. தனியார் கட்டடத்துக்கு அடியில் போனால் இழப்பீடு கொடுக்க வேண்டியிருக்கும் என்று பயந்து, கம்பெனிகள் மேலே சாலை எப்படி வளைந்ததோ அப்படியே கீழேயும் வளைந்தன. சாலை குறுகலாக இருந்த இடத்தில் இரண்டு சுரங்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் அமைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்தார்கள். சக்கரம் தண்டவாளத்தில் உரசிக் கிறீச்சிடும் ஒலியை மத்தியத் தடத்தில் (சென்ட்ரல் லைன்) இன்று கேட்பவர்கள், பழைய தெருக்களின் வளைவைக் கேட்கிறார்கள்.

கட்டடங்கள் எப்போதும் இடியாமல் நிற்கும் என்று உறுதி சொல்லவும் முடியாது. சென்னையின் மண் ஓரிடத்தில் மணல், அடுத்த இடத்தில் களிமண், அதை ஒட்டியே கடும்பாறை என்று மாறிக்கொண்டேயிருப்பது. துளையிடும் இயந்திரத்தின் முகத்தில் பாதி பாறையும் பாதி மணலுமாக வந்தால் மணல் பக்கம் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிடும். 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் திடீரென்று பள்ளம் விழுந்து ஒரு பேருந்தும் காரும் அதற்குள் இறங்கியதைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை.

வாசகி, கொழிஞ்சாம்பாறை: என் மகள் லண்டனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடக்கிற நாளில்கூடச் சுரங்க ரயிலில் வியர்த்துக் கொட்டுகிறது என்றும், கோடையில் நம் ஊர்ச் சித்திரை வெயில் பரவாயில்லை என்றும் சொல்கிறாள். அவ்வளவு பணக்கார நகரத்தில் ஏசி வைக்க மாட்டார்களா?

உங்கள் மகள் மிகைப்படுத்தவில்லை, அம்மா. ஆனால் இதே சுரங்கங்கள் ஒரு காலத்தில் குளுகுளுவென்று இருந்தன. தொடக்கத்தில் ஆழத்துக் களிமண்ணின் வெப்பநிலை ஏறத்தாழ 14 டிகிரி செல்சியஸ். வெயில் நாளில் கீழே வந்து இளைப்பாறுங்கள் என்று கம்பெனியே சுவரொட்டி அடித்து ஆள் கூப்பிட்டது. இன்று அதே களிமண் சில இடங்களில் 26 டிகிரி வரை ஏறிவிட்டது; அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருக்கிறது.

சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கூட்டம் என்றுதான் முதலில் தோன்றும். கூட்டத்தின் உடல் வெப்பம் மிகச் சிறிய பங்குதான். ரயிலை ஓட்டுவதற்காக உள்ளே அனுப்பிய மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் முடிகிறது. அதில் மிகப்பெரிய பங்கு பிரேக்கிலிருந்து வருகிறது. நிலையத்துக்கு நிலையம் ஒரு கிலோமீட்டர் இருந்தாலே அதிகம் என்கிற தடத்தில், ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை பல நூறு பேரைச் சுமந்த ரயில் வேகமெடுக்கிறது, நிற்கிறது, மறுபடி வேகமெடுக்கிறது. மத்தியத் தடத்தைக் கட்டியவர்கள் இதை ஓரளவு அறிந்தே, நிலையங்களைச் சிறு மேட்டின்மேல் வைத்தார்கள்; ரயில் உள்ளே வரும்போது ஏற்றம் அதன் வேகத்தைக் குறைக்கும், புறப்படும்போது இறக்கம் வேகம் கொடுக்கும். நல்ல யோசனைதான், ஆனால் அவர்கள் கணக்கிட்ட எடையும் எண்ணிக்கையும் இன்றைய ரயில்களுக்கு உரியவை அல்ல.

பிறந்த வெப்பம் எங்கே போகிறது என்பதுதான் கதையின் மையம். காற்றோட்டத்தால் வெளியேறுவது கொஞ்சமே. பெரும்பகுதியைச் சுற்றியுள்ள களிமண் வாங்கிக்கொண்டது. குடைவதற்கு அவ்வளவு வசதியாக இருந்த அதே களிமண், தண்ணீர் ஓட்டம் இல்லாததால், வாங்கிய வெப்பத்தை எங்கும் கொண்டுபோய்க் கொட்டவில்லை. நூறு ஆண்டுகளாக அது சேர்த்துவைத்திருக்கிறது. இப்போது புதிதாக வாங்கிக்கொள்ள அதற்கு இடம் குறைவு. ரயிலை ஒரு வாரம் நிறுத்தினாலும் மண் குளிர்ந்துவிடாது.

இனி ஏசிக்கு வருவோம். ஏசி வெப்பத்தை அழிக்கும் கருவி இல்லை, பெட்டிக்குள் இருப்பதை எடுத்துப் பெட்டிக்கு வெளியே தள்ளும் கருவி. வெளியே என்றால் இங்கே சுரங்கம். நிலையத்தில் கதவு திறந்தவுடன் அதே சூடு நடைமேடையில் நிற்பவர் மீது வீசும். அதோடு கருவியை வைக்க இடமும் வேண்டும். ஆழத் தடங்களின் சுரங்க விட்டம் பொதுவாக 3.56 மீட்டர்தான், 1890-இல் திறந்த முதல் தடம் அதைவிடவும் சிறியது. சுரங்கம் சிறியதானால் செலவு குறைவு, எனவே அன்றைய கம்பெனிகள் பெட்டி நுழையும் அளவுக்கு மட்டும் குடைந்தன. ரயில் ஒரு குழாய்க்குள் அடைப்பானைப் போலப் போகிறது. உயரமான பயணி கதவருகில் நின்றால் கூரையின் வளைவு தலையில் தட்டும். கூரையிலும் அடியிலும் கருவி வைக்க மிச்சம் இல்லை. சென்னை மெட்ரோவின் சுரங்க விட்டம் 5.8 மீட்டர் என்று சொன்னால் வேறுபாடு புரியும்.

ஆரியங்காவு வாசகருக்குச் சொன்ன அந்த அகலப் பள்ளத்தை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோபாலிட்டன், டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள், ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி என்ற நான்கு தடங்கள் அந்தப் பழைய வெட்டி மூடிய பாதைகளில் ஓடுகின்றன. பள்ளம் அகலம், ஆழம் குறைவு, நடுநடுவே வானம் தெரியும். ஆகவே 2010 முதல் அந்தத் தடங்களுக்கு வந்த புதிய ரயில்கள் எல்லாமே குளிரூட்டப்பட்டவை. உலகின் மிகப் பழைய சுரங்க ரயிலில் ஏசி இருக்கிறது, அதற்குப் பின் தோண்டியதில் இல்லை. யாருக்கோ ஏழடித் தண்டவாளம் வேண்டியிருந்ததால் கிடைத்த வரம் அது.

சூட்டைக் குறைக்க அவர்கள் முயலவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2003-இல் லண்டன் மேயர், தக்க வழி சொல்பவருக்கு ஒரு லட்சம் பவுண்டு பரிசு என்று அறிவித்தார். யாருக்கும் அதைக் கொடுக்கும் நிலை வரவில்லை. விக்டோரியா நிலையத்தில், சுரங்கத்துக்குள் கசிந்து எப்படியும் இறைத்து வெளியேற்ற வேண்டிய நிலத்தடி நீரையே குழாயில் ஓடவிட்டுக் காற்றைக் குளிர்வித்துப் பார்த்தார்கள். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரையே மின்னாக்கியாக்கி, வெப்பமாகப் போகும் ஆற்றலை மின்சாரமாகத் திருப்பி அனுப்பும் ரயில்கள் வந்தது பெரிய உதவி. எனக்கு மிகவும் பிடித்தது இஸ்லிங்டன் பகுதியில் 2020-இல் தொடங்கிய ஏற்பாடு: 1922-இல் மூடப்பட்ட சிட்டி ரோடு நிலையத்தின் காற்றுக்குழாய் வழியே வடக்குத் தடத்தின் (நார்தர்ன் லைன்) சூடான காற்றை இழுத்து, அந்த வெப்பத்தால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வெந்நீரும் கதகதப்பும் தருகிறார்கள். பிக்காடில்லி தடத்துக்கெனக் குளிரூட்டப்பட்ட ரயில்களும் செய்யப்பட்டுள்ளன. பெட்டிகளின் எண்ணிக்கையையும் சக்கரத் தொகுதிகளையும் மாற்றியமைத்து, கருவிக்கு இடம் பிடித்திருக்கிறார்கள்.

மகளிடம் இதைச் சொல்லுங்கள்: மேற்சொன்ன நான்கு தடங்களிலோ, 2022-இல் திறந்த எலிசபெத் தடத்திலோ மருத்துவமனைக்குப் போக வழி இருந்தால், பத்து நிமிடம் கூடினாலும் கோடையில் அதையே பிடிக்கட்டும். எலிசபெத் தடத்தின் சுரங்க விட்டம் 6.2 மீட்டர், ரயிலில் ஏசி உண்டு. மத்தியத் தடத்தையும் பேக்கர்லூ தடத்தையும் மாலை நெரிசலில் தவிர்ப்பது நலம். பேக்கர்லூவில் ஓடுவன 1972-ஆம் ஆண்டு வகை ரயில்கள்.

வாசகர், சித்தூர்: லண்டன் சுரங்க ரயிலின் புகைப்படத்தில் ஒரு பாதைக்கு நான்கு தண்டவாளங்கள் தெரிகின்றன. பெங்களூரு மெட்ரோவில் மூன்றுதானே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். பெங்களூரிலும் கொச்சியிலும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரம் வருகிறது. வேலை முடிந்த மின்னோட்டம் ரயில் ஓடும் தண்டவாளங்கள் வழியே திரும்பிப் போகிறது. லண்டனில் திரும்பிப் போவதற்கும் தனித் தண்டவாளம் வைத்தார்கள். பக்கவாட்டில் உள்ளது நேர்முனை, 420 வோல்ட். நடுவில் உள்ளது எதிர்முனை, 210 வோல்ட். இரண்டுக்கும் இடையே 630 வோல்ட். ஓடும் தண்டவாளத்தில் மின்னோட்டத்தை விட்டால் அதில் ஒரு பகுதி சுரங்கத்தின் வார்ப்பிரும்பு வளையங்களுக்கும் அருகிலுள்ள தண்ணீர்க் குழாய்களுக்கும் கசிந்து, மின்பகுப்பால் இரும்பை அரித்துவிடும். அந்த அச்சம்தான் காரணம். ஓடும் தண்டவாளம் இரண்டும் சிக்னலுக்கு முழுமையாகக் கிடைத்தது கூடுதல் பயன். இன்று மூன்றாம் தண்டவாளத்தையே காப்பிட்டுப் பாதுகாப்பாக அமைக்க முடியும் என்பதால் புதிதாகக் கட்டுபவர்கள் நான்காவதைப் பொதுவாக வைப்பதில்லை. லண்டனால் அதை விட முடியாது. சென்னை மெட்ரோவில் இந்தப் பேச்சே இல்லை, மேலே கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம்.

கல்லூரி மாணவி, பாலக்காடு: லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தை வைத்துக்கொண்டு தூரம் கணக்கிட்டால் எல்லாம் தப்பாக வருகிறதே?

தூரம் கணக்கிட அது வரையப்படவில்லை. மின்சுற்று வரைபடங்கள் வரைந்து பழகிய ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931-இல் அதைத் தயாரித்தார். சுரங்கத்துக்குள் இருப்பவருக்கு மேலே எந்தத் தெரு என்பது தேவையில்லை, எந்த நிலையத்துக்குப் பின் எது, எங்கே மாற வேண்டும் என்பவை போதும் என்று கருதி, கோடுகளை நேராகவோ குறுக்காகவோ 45 பாகைச் சாய்விலோ மட்டும் போட்டு, நெரிசலான நடுநகரத்தை விரித்து, புறநகரைச் சுருக்கினார். அதிகாரிகள் முதலில் ஏற்கவில்லை. 1933-இல் சோதனையாக அச்சிட்டபோது மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பயன் ஒருபுறம், லெஸ்டர் ஸ்கொயருக்கும் கவன்ட் கார்டனுக்கும் இடையே இருப்பது 300 மீட்டருக்கும் குறைவான தூரம் என்று அறியாமல், காசு கொடுத்து ரயிலேறுபவர்கள் இன்றும் உண்டு. அங்கே படியிறங்கி மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்தில் நடந்தே போய்விடலாம்.

வாசகர், மறையூர்: போர்க்காலத்தில் மக்கள் சுரங்க நிலையங்களில் ஒளிந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1940 செப்டம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சு தொடங்கியபோது அரசு முதலில் இதை அனுமதிக்கவில்லை. மக்கள் மிகக் குறைந்த கட்டணச் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், மேலே வராமல் அங்கேயே படுத்துவிட்டார்கள். பிறகு அரசே கட்டிலும் கழிப்பிடமும் அமைத்தது. ஆனாலும் ஆழம் எப்போதும் காப்பாற்றவில்லை. 1940 அக்டோபரில் பாலம் (Balham) என்ற பகுதியின் நிலையத்தின் மேல் விழுந்த குண்டு அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 1943 மார்ச் 3 அன்று பெத்னல் கிரீன் நிலையப் படிக்கட்டில் நெரிசலில் சிக்கி 173 பேர் மாண்டார்கள். அந்த இரவில் அங்கே குண்டு எதுவும் விழவில்லை.

வாசகர், பாறசாலை: தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே சுரங்க ரயில் மிகக் குறைவாக இருக்கிறதே, ஏழைகள் வாழும் பகுதி என்பதாலா?

நிலையங்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தெற்கே இருக்கிறது. ஏழை, பணக்காரர் என்ற கணக்கு இதற்குப் பொருந்தாது. தெற்கிலும் வசதியான பகுதிகள் ஏராளம். தெற்கே தரைமேல் ஓடிய ரயில் கம்பெனிகளுக்கு நீண்டதூர வருமானம் குறைவு என்பதால் அவை புறநகர் ரயிலையே பிழைப்பாகக் கொண்டு, பாதைகளை நெருக்கமாகப் போட்டு, 1909 முதலே மின்மயமாக்கத் தொடங்கிவிட்டன. சுரங்கக் கம்பெனிகள் புதிதாக நுழைய அங்கே பயணி மிச்சம் இல்லை. மண்ணும் ஒரு காரணம். தெற்கிலும் தென்கிழக்கிலும் பல இடங்களில் அந்த நல்ல களிமண் மெலிந்து, தண்ணீர் ஊறிய மணல் மேலே வருகிறது; பழைய கவச முறைக்கு அது எமன். முகத்தில் அழுத்தம் கொடுத்து மண்ணைத் தடுத்து நிறுத்தும் இயந்திரங்கள் வந்தபிறகே 1999-இல் ஜூபிலி தடம் தென்கிழக்கே போக முடிந்தது. இரண்டு காரணங்களில் முதலாவதுதான் பெரியது என்பது என் கருத்து. இலாபம் இருந்திருந்தால் மணலையும் எப்படியாவது கடந்திருப்பார்கள்.

வாசகர், தடா: நான் வேலை காரணமாக அடிக்கடி சென்னை சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ பிடிப்பவன். இப்போது சில்லென்று இருக்கிறது. நூறு ஆண்டு கழித்து நம்முடையதும் லண்டனைப் போல அடுப்பாகிவிடுமா?

இரண்டுக்கும் தொடக்கமே வேறு. நிலத்தடியில் சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். லண்டனில் அது குளிர்ச்சி. சுரங்கம் திறந்த பல ஆண்டுகளுக்கு யாரும் குளிரூட்டுவதைப் பற்றி நினைக்கவே தேவைப்படவில்லை. சென்னையில் மண்ணே 28 டிகிரியை ஒட்டி இருப்பதால் முதல் நாளிலிருந்தே குளிரூட்டாமல் ஒரு நிலையத்தையும் திறந்திருக்க முடியாது. 2017 மே மாதம் திருமங்கலம் – நேரு பூங்கா இடையே முதல் சுரங்கப் பகுதி திறந்தபோதே, நடைமேடை விளிம்பில் கண்ணாடித் தடுப்பும் ரயில் வந்தால் மட்டும் திறக்கும் கதவும் இருந்தன. விழாமல் காப்பது அதன் ஒரு வேலை; நிலையத்தின் குளிர்ந்த காற்றைச் சுரங்கத்துக்குள் விடாமல், சுரங்கத்தின் சூட்டை நிலையத்துக்குள் விடாமல் பிரிப்பது இன்னொரு வேலை. சுரங்கத்தின் சூட்டை மின்விசிறிகள் காற்றுக்குழாய்கள் வழியே மேலே தள்ளுகின்றன. பிரேக் ஆற்றலை மின்சாரமாக்கித் திருப்பும் வசதியும் தொடக்கத்திலிருந்தே உண்டு.

இடைப்பட்ட பாடம் கொல்கத்தா. 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடு – பவானிப்பூர் இடையே 3.4 கிலோமீட்டருக்குத் தொடங்கிய இந்தியாவின் முதல் சுரங்க ரயிலில், குளிர்ந்த காற்றைச் சுரங்கத்துக்குள் ஊதி, பெட்டியின் சன்னல் வழியே அதைப் பயணிக்குக் கிடைக்கச் செய்வதே திட்டம். பெட்டியில் ஏசி கிடையாது. கூட்டம் கூடியபோது அது போதவில்லை. 2010-இல்தான் ஏசி ரயில்கள் வரத் தொடங்கின, பழைய ரயில்கள் 2021-இல் விடைபெற்றன. அங்கே சுரங்கம் நம் அகல ரயில்பாதை அளவுக்கு ஏற்ப விசாலமாக இருந்ததால் மாற்ற முடிந்தது. ஆகவே சென்னைக்கு அடுப்பாகும் ஆபத்து குறைவு என்றே நினைக்கிறேன். நம் கவலை மின்கட்டணமும், வெள்ளக் காலத்தில் படிக்கட்டு வழியே இறங்கக்கூடிய தண்ணீரும்தான். இரண்டாம் கட்டத்தின் 118.9 கிலோமீட்டரில் சுரங்கமாக அமையும் பகுதிகளுக்கும் அதுவே பொருந்தும்.

வாசகி, வண்டிப்பெரியாறு: இரவுப் பணி முடிந்து வருகிறவர்களுக்கு லண்டனில் சுரங்க ரயில் ஏன் இல்லை? நியூயார்க்கில் விடிய விடிய ஓடுகிறதாமே?

நியூயார்க்கில் 1904-இல் முதல் தடத்தைத் திறந்தபோதே நெடுந்தொலைவுக்கு நான்கு பாதைகள் போட்டார்கள், இரண்டு மெதுவண்டிக்கு, இரண்டு விரைவுவண்டிக்கு. ஒரு பாதையை மூடிப் பழுதுபார்க்கும்போது வண்டியை மற்றொன்றில் திருப்பலாம். லண்டனின் ஆழத் தடங்களில் திசைக்கு ஒரே குழாய். தண்டவாளத்தைச் சோதிப்பதும் தூசியை அகற்றுவதும் மின்சாரத்தை நிறுத்திய அந்த நான்கைந்து மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். 2016 ஆகஸ்ட் முதல் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் சில தடங்களில் விடிய விடிய ஓட்டுகிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோய் 2021 நவம்பர் முதல் படிப்படியாகத் திரும்பியது. மற்ற இரவுகளில் பணி முடிந்து வருபவர்கள் இரவுப் பேருந்தைத்தான் நம்ப வேண்டும். அது முக்கியச் சாலைகளில் விடியும்வரை ஓடுகிறது.